கடைத்தெரு எவருடையது?

ஓர் ஊரின் உண்மை நிலையை அறிய விரும்புவோர் அவ்வூரின் மாளிகைகளைப் பார்க்க வேண்டுவதில்லை; கோபுரங்களை எண்ண வேண்டுவதுமில்லை. ஒரு சனிக்கிழமை மாலையில் அவ்வூர்க் கடைத்தெருவில் போய் நின்றால் போதும். வாங்குகின்றவர் யார், விலை கேட்டுவிட்டுத் திரும்புகின்றவர் யார், உள்ளே நுழையவே தயங்கி வாசலில் நிற்கின்றவர் யார் என்பனவற்றைக் கண்ணாரக் காணலாம். சம்பளமும் கடனும் சாதியும் நிறமும் ஒருங்கே வெளிப்படும் இடம் கடைத்தெரு ஒன்றே. ஆதலின், கடைத்தெரு எவருடையது என்னும் வினா வியாபாரிகளுக்கு மட்டும் உரியதன்று. அது ஊராருடைய வினா.

இவ்வினா என் மனத்தில் வேரூன்றுவதற்குக் காரணமாயிருந்தது ஓர் அமெரிக்க நகரம். ஓஹாயோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் என்பது அதன் பெயர். நியூயார்க்கைப்போலவும் சிக்காகோவைப்போலவும் உலகத்தார் நாவில் வழங்கும் பெருநகரமன்று அது. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறக்குறைய 1 இலட்சத்து 90 ஆயிரம் ஜனங்கள் வாழும் நடுத்தர நகரம். ஆயினும் நம்மவர்க்கு அவ்வூர் முற்றும் அந்நியமன்று. குட்ரிச், குட்இயர், பயர்ஸ்டோன், ஜெனரல் என்னும் நான்கு டயர்க் கம்பெனிகளும் வளர்ந்த ஊர் அதுவே. உலகத்தின் ரப்பர்த் தலைநகரம் என்று அதனை அழைத்தனர். மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் சீவிய மரங்களின் பால், ரப்பர்த் தகடாகிக் கப்பலேறி அமெரிக்கா சென்ற காலத்தில், ரப்பரைப் பெருமளவில் டயராக மாற்றிய ஊர் ஆக்ரன். 1910இல் 69 ஆயிரமாயிருந்த அவ்வூர் ஜனத்தொகை 1920இல் 2 இலட்சத்து 8 ஆயிரமாயிற்று. பத்தே ஆண்டில் மும்மடங்கு! அதே காலத்தில்தான் நம்மவரும் கப்பல் கப்பலாக இந்நாட்டில் வந்திறங்கினர். ஒரு மரத்தின் பால் கடலின் இரு கரைகளிலும் ஊர்களை எழுப்பியது என்றால் அது மிகையாகாது.

நான் கிராணியாக வேலை பார்க்கும் தோட்டத்தில் இன்று நிற்பது செம்பனை. என் பாட்டனார் இருள் பிரியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாகச் சென்று சீவிய ரப்பர் மரங்களை நான் கண்டதில்லை. அவர் ஆக்ரன் என்னும் பெயரைக் கேட்டிருப்பாரா என்பதே ஐயம். அவ்வூர்ப் பல்கலைக்கழகமோ ரப்பரும் அதனையொத்த செயற்கைப் பொருள்களும் பற்றிய ஆராய்ச்சிக்குப் பெயர்போனது. என் தங்கையின் கணவர் அங்கே அத்துறையைக் கற்று, அவ்வூரிலேயே வேலையும் பெற்றார். சில ஆண்டுகளுக்குமுன் ஒரு டிசம்பர் மாதத்தில் அவர்கள் வீட்டில் மூன்று வாரம் தங்கினேன். பிறர் வெளிநாடு சென்றால் அருவிகளையும் சிலைகளையும் காண்பர்; நானோ கடைகளைக் காணப் புறப்பட்டேன். “கணக்கெழுதுகிறவர் கண் கல்லாப்பெட்டியை விட்டுப் போகுமா?” என்று தங்கை நகைத்தாள்.

அந்நகரின் நடுவீதிக்கு மெயின் வீதி என்று பெயர். அவ்வீதியில் எதிரெதிராக இரண்டு பெரிய கட்டடங்கள் நிற்கின்றன. ஒன்று ஓநீல் கடை. 1877இல் தொடங்கப்பெற்ற வியாபாரம். மற்றொன்று போல்ஸ்கி கடை, 1885இல் தொடங்கியது. துணி, பாத்திரம், நாற்காலி, பொம்மை ஆகிய சகலமும் மாடிக்கு மாடி ஒரே கூரையின்கீழ்க் கிடைத்த பெருங்கடைகள் அவை. ஓநீல் குடும்பத்தின் மகனே 1915இல் ஜெனரல் டயர்க் கம்பெனியை நிறுவியவர். கடையும் ஆலையும் அவ்வளவு நெருங்கிய உறவு கொண்டிருந்தன. ஆலையில் கொடுக்கப்பட்ட கூலி, மாலையில் கடைக்கு வந்து சேர்ந்தது.

ஆனால், கூலி தானாகவே உயர்ந்துவிடவில்லை என்பதை நம் தோழர்கள் மறத்தலாகாது. 1936ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில், உடலை உறைவிக்கும் பனியில், குட்இயர்த் தொழிலாளர் ஏறத்தாழ ஐந்து வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். ஆலையைச் சூழ்ந்து அவர்கள் அமைத்த மறியல் வரிசை பதினொரு மைல் நீளம் இருந்ததாகச் சரித்திரம் கூறும். அத்தகைய போராட்டங்களாலேயே டயர்த் தொழிலாளரின் சம்பளம் வீடு வாங்கவும், பிள்ளைகளைப் படிக்கவைக்கவும், ஓநீல் கடைக்குக் குடும்பத்தோடு போய் வரவும் போதியதாயிற்று. தொழிலாளி சங்கம் கண்டான், கடை செழித்தது. சம்பளம் உயர்ந்தால் வியாபாரம் கெடும் என்று ஓயாது புலம்புவோர் இவ்வூர்க் கணக்கைச் சற்றே படித்துப் பார்ப்பார்களாக.

தங்கை வீட்டுக்கு அருகில் எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி இருந்தார். அவர் தந்தையார் டயர் ஆலையில் வேலை பார்த்தவர். தம் சிறு பருவத்தில், கிறிஸ்துமஸ் காலத்திலே, அவ்விரு கடைகளும் ஒன்றோடொன்று போட்டியிட்டுக் கண்ணாடிச் சாளரங்களில் பொம்மைகளை ஆடவிட்டு அலங்கரித்ததை அவர் கண் கலங்கச் சொன்னார். “அன்று நாங்கள் ஒன்றும் வாங்காமலே ஒரு மாலை முழுவதும் வீதியில் நிற்போம். எவரும் எங்களைப் போகச் சொன்னதில்லை, அது வீதியல்லவா?” என்றார். இந்த ஒரு சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது நமக்குப் பயன்படும்.

வீதி எல்லாருக்கும் பொதுவாயிருந்தது. ஆனால் அந்நாட்டில் எல்லாக் கடைகளின் உட்புறமும் அவ்வாறிருந்ததில்லை. தெற்கே வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்போரோ என்னும் மற்றொரு நடுத்தர நகரம் உண்டு. அங்கே உல்வொர்த் கம்பெனியின் சில்லறைக் கடையில் கறுப்பினத்தார் எப்பொருளையும் காசு கொடுத்து வாங்கலாம்; ஆனால் அதே கடையின் சிற்றுண்டி மேசையில் உட்காரலாகாது. 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் நாள், நான்கு கல்லூரி மாணவர்கள் அங்கே சில சாமான்களை வாங்கிப் பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மேசைமுன் அமர்ந்து காப்பி கேட்டனர். காப்பி வரவில்லை, கடை மூடும்வரை அவர்களும் எழவில்லை. மறுநாள் மேலும் பலர் வந்தனர். அவ்வழி பல நகரங்களுக்கும் பரவியது. ஜூலை 25ஆம் நாள் அம்மேசை எல்லார்க்கும் திறந்தது. அக்கடை இருந்த கட்டடம் 2010 முதல் குடியுரிமைப் பொருட்காட்சி சாலையாக விளங்குகின்றது. “என் காசு உன் பெட்டிக்கு ஆகுமென்றால், நான் உன் நாற்காலிக்கு ஆகமாட்டேனா?” என்பதே அம்மாணவர் கேட்ட கேள்வியின் சாரம். தனிக் குவளையில் தேநீர் ஊற்றிய ஊர்களிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இதற்கு விரிவுரை வேண்டுமோ?

இனி, கடைத்தெரு இடம் பெயர்ந்த கதையைக் கேளுங்கள். வியன்னா நகரில் பிறந்து, 1938இல் அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்த விக்டர் குரூன் என்னும் கட்டடக் கலைஞர், 1956இல் மின்னியாபொலிஸ் நகரையடுத்த ஈடைனாவில் சவுத்டேல் என்னும் பேரங்காடியை அமைத்தார். பல கடைகளையும் அவற்றினிடையேயுள்ள நடைபாதையையும் ஒரே கூரையால் மூடி, கோடையிலும் பனியிலும் ஒரே வெப்பநிலை நிலவச் செய்த முதற் பேரங்காடி அதுவே. தம் பிறந்த ஊரின் சதுக்கங்களைப்போல ஜனங்கள் கூடிப் பேசும் இடமாக அது விளங்கவேண்டும், சுற்றிலும் வீடுகளும் பள்ளியும் மருத்துவ நிலையமும் பூங்காவும் அமையவேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் முதலாளிகள் அக்கனவில் இலாபம் தரும் பகுதியை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டனர். கடைகள் எழுந்தன, மோட்டார் வண்டிகள் நிற்கும் தார்த் திடல் எழுந்தது, மற்றவை எழவில்லை. முதிய வயதில் குரூன் இப்பேரங்காடிகளைத் தம் பிள்ளைகளாக ஏற்க மறுத்துப் பேசினார்.

பேரங்காடிகள் இத்துணை விரைவாகப் பெருகியதற்கு மோட்டார் வண்டியும் நெடுஞ்சாலையும் மட்டும் காரணமல்ல. ஒரு கணக்குப் புத்தகக் காரணமும் உண்டு. 1954ஆம் ஆண்டின் அமெரிக்க வரிச்சட்டம், புதுக் கட்டடம் எழுப்புவோர் அதன் தேய்மானத்தைத் தொடக்க ஆண்டுகளிலேயே பெருந்தொகையாகக் கழித்துக்கொள்ள இடந்தந்தது. கட்டடம் உண்மையில் தேயுமுன்பே ஏட்டில் தேய்ந்துவிடும், வரி குறைந்துவிடும். பழைய நடுவீதிக் கடையைப் பழுது பார்ப்பதைவிட, ஊருக்கு வெளியே வயலில் புதியதொன்றைக் கட்டுவதே இலாபமாயிற்று. ஒரு பேனா முனையின் அசைவு ஓர் ஊரின் நடுவிடத்தையே பெயர்த்து வைக்க வல்லது என்பதைக் கணக்கெழுதும் நாங்கள் அறிவோம். மற்றவரும் அறிதல் நன்று.

ஆக்ரனிலும் இதுவே நிகழ்ந்தது. நகரைச் சுற்றி 1965இல் சம்மிட், 1967இல் சேப்பல் ஹில், 1975இல் ரோலிங் ஏக்கர்ஸ் என்று மூன்று பேரங்காடிகள் தோன்றின. கறுப்பினத்தார் கடைகளும் இசை மன்றங்களும் நிறைந்திருந்த ஹோவர்ட் வீதி, நகரச் சீரமைப்பு என்றும் நெடுஞ்சாலை என்றும் சொல்லி அழிக்கப்பட்டது. நடுவீதியிலே போல்ஸ்கி கடை 1978இல் கதவடைத்தது. ஓநீல் கடை 1989இல் அதனைப் பின்பற்றியது. இதனிடையில் டயர் செய்யும் வேலையும் ஊரை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. பழைய ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, 1980-களின் தொடக்கத்திற்குள் சாதாரண மோட்டார் வண்டி டயர் செய்தல் ஆக்ரனில் ஏறக்குறைய முடிவுற்றது. 1960இல் 2 இலட்சத்து 90 ஆயிரத்தை எட்டியிருந்த ஜனத்தொகை அதன்பின் இறங்கிக்கொண்டே வந்தது.

சம்பளம் போன ஊரில் மூன்று பேரங்காடிகள் எவ்வாறு பிழைக்கும்? பேரங்காடியின் கணக்கு வைக்கப்படும் முறையைச் சொன்னால் விடை விளங்கும். ஒவ்வொரு கோடியிலும் ஒரு பெருங்கடை நங்கூரம்போல் நிற்கும். ஜனங்களை இழுப்பது அதுவே ஆகையால், அதற்கு வாடகை மிகக் குறைவு. நடுவிலுள்ள சிறு கடைகளே உண்மையில் வாடகைச் சுமையைத் தாங்குவன. பெருங்கடை போய்விட்டால் தாமும் வாடகையைக் குறைக்கலாம் அல்லது விலகலாம் என்று சிறு கடைக்காரர் பலர் முன்னதாகவே ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருப்பர். எனவே ஒரு நங்கூரம் அறுந்தால், அது ஒரு கடையின் மரணத்தோடு நிற்பதில்லை. வரிசையாகப் பல விளக்குகள் அணைகின்றன. பின்னர், வீட்டிலிருந்தே கைப்பேசியில் சாமான் வாங்கும் காலம் வந்து, மிஞ்சிய விளக்குகளையும் ஊதி அணைத்தது.

நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் கொண்டு விளங்கிய ரோலிங் ஏக்கர்ஸ் கூடம் 2008இல் மூடப்பட்டது. கண்ணாடிக் கூரை உடைந்து, உள்ளே இயங்காது நின்ற மின்படிகளின்மேல் வெண்பனி குவிந்து கிடந்த படங்கள் உலகெங்கும் பரவின. வரிப் பாக்கிக்காக நகராட்சி அவ்விடத்தைக் கையகப்படுத்தி இடித்தது. 2020இல் அங்கே அமேசான் கம்பெனியின் பண்டகசாலை ஒன்று திறக்கப்பட்டது. சேப்பல் ஹில்லும் 2021இல் பேரங்காடியாயிருப்பதை விட்டொழித்தது.

என் மைத்துனர் ஒரு நாள் வண்டியை அப்பண்டகசாலையின் எதிரே நிறுத்தி, “மச்சான், இதுதான் அந்த இடம்” என்றார். நீண்ட சுவர்; சரக்கு வண்டிகள் முதுகு காட்டி நிற்கும் கதவுகள் பல; வாங்க வருவோர் நுழைவதற்கு வாசல் ஒன்றுமில்லை. முன்பு அதே நிலத்தில் பொருள்கள் தத்தம் இடத்தில் நின்றன, மனிதர் அவற்றினிடையே உலாவினர். இப்பொழுது பொருள்கள் உலாவுகின்றன, மனிதர் வீட்டில் அமர்ந்திருக்கின்றனர். பலர் அங்கே வேலை பெற்றிருக்கின்றனர் என்பதும், வீடுதேடிச் சாமான் வருவது நோயாளிக்கும் முதியோர்க்கும் பேருதவி என்பதும் உண்மை. அதனை நான் மறுக்கவில்லை. பேரங்காடியைப் பழிப்பதும் என் நோக்கமன்று. பனிக்காலத்தில் கிழவர்கள் கால் வழுக்காமல் நடந்ததும், இளைஞர்கள் மழைக்கு ஒதுங்கி நட்புக் கொண்டதும் அக்கூடங்களிலேதான். எனக்கு உறுத்தியது வேறொன்று. அத்தனை ஆண்டு ஊராருக்குச் சதுக்கமாயிருந்த ஓரிடத்தை மூடும்போது, ஊராரை ஒரு வார்த்தை கேட்கவேண்டிய கடமை எவருக்கும் இல்லை. ஏனெனில் அது வீதியன்று.

இதனை அந்நாட்டு உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1946இல் அலபாமா மாநிலத்துச் சிக்கசா என்னும் ஊரைப்பற்றி ஒரு வழக்கு அதன்முன் வந்தது. அவ்வூர் முழுவதும், வீதியும் கடையும் வீடும் உட்பட, ஒரு கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தம். அங்கே சமயத் துண்டறிக்கை வழங்கிய ஒரு பெண்மணியை அத்துமீறி நுழைந்தவர் என்று தண்டித்தனர். நிலம் கம்பெனியுடையதாயினும், ஊராக வாழும் இடத்தில் பேச்சுரிமையை அடைக்கலாகாது என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஆனால் 1972இல், ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லந்து நகரின் லாயிட் பேரங்காடியில் வியட்நாம் யுத்தத்துக்கு எதிராகத் துண்டறிக்கை வழங்கியவர்களின் வழக்கில், பேரங்காடி தனியார் சொத்து. அங்கே அவ்வுரிமை கோருவதற்கில்லை என்று ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாகப் பிரிந்து தீர்ப்புக் கூறினர். அம்மூதாட்டி சொன்ன சொல்லின் ஆழம் இப்பொழுது விளங்குகின்றதன்றோ? வீதியில் நின்றவரைப் போகச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. கூடத்தில் நிற்பவர் இன்னொருவரின் தயவால் நிற்பவர்.

தோட்டத்தில் பிறந்தவர்க்கு இது புதிய பாடமன்று. வீடு கம்பெனியுடையது, கடை இருக்கும் மண் கம்பெனியுடையது, பள்ளிக்கூடமும் கோயிலும் பந்து விளையாடும் திடலும் கம்பெனி நிலத்தில் நிற்பவை. சங்கம் அமைக்க வந்தவரை அத்துமீறி நுழைந்தவரென்று வாயிலிலேயே தடுத்த காலத்தை நம் பெரியோர் அறிவர். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, மூன்று தலைமுறை வாழ்ந்த ஊர் ஒரு கையெழுத்தில் மறைந்ததையும் அறிவர். அந்நிலை கண்டே 1960இல் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, தொழிலாளர் தம் காசைச் சேர்த்துத் தோட்டங்களைத் தாமே வாங்க வழிகாட்டினார். நிற்கும் மண் நமதாகாதவரை, அதன்மேல் நாம் கட்டிய உறவும் இரவல் என்பதே அம்முயற்சியின் அடிப்படை.

ஆக்ரன் நகரத்தாரும் இதனைத் தம் வழியில் கற்றுக்கொண்டனர் போலும். சேப்பல் ஹில் பேரங்காடியில் 1968 முதல் கிறிஸ்துமஸ்தோறும் ஆர்ச்சி என்னும் இருபது அடி உயரப் பனிமனிதப் பொம்மை நின்று, சிறுவர்களோடு பேசும். அது நின்றுபோனபின், அச்சிறுவர்கள் வளர்ந்து பெரியோராகி, அதனை மீண்டும் காண விரும்பினர். பணம் திரட்டினர், புதிதாகச் செய்தனர். ஆனால் இம்முறை எந்தக் கம்பெனியின் கூடத்திலும் அதனை வைக்கவில்லை. பழைய ஓநீல் கடையின் அருகே, கால்வாய் ஓரத்தில், நகராட்சி அமைத்த பொதுப் பூங்காவில் கொண்டுபோய் நிறுத்தினர். அவ்விடத்துக்கு வாடகை ஒப்பந்தம் இல்லை. நங்கூரக் கடை இல்லை. நகரத்தாரின் வரிப்பணமே அதன் வேலி.

கடை வரும், போகும். அது வியாபாரத்தின் இயல்பு. நம் பிள்ளைகள் வாங்கும் இடம் நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒன்றும் வாங்காமலே ஒரு மாலை முழுவதும் தலைநிமிர்ந்து நிற்பதற்கு ஓரிடம் ஒவ்வோர் ஊருக்கும் வேண்டும். ஒரு படிப்பகமோ, ஒரு திடலோ, கூட்டுறவாக நடத்தும் ஒரு சிறு கடையின் திண்ணையோ, எதுவாயினும் ஆகுக. அதன் பட்டா எவர் பெயரில் இருக்கின்றது என்று மட்டும் இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.